காபியை விற்று வாங்கிய வெள்ளிக்கிழமை

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அவரைப் பற்றிச் செய்தித்தாளில் எழுதுவார்கள். நன்றாகப் பாடுவார், குதிரை வளர்த்தார் என்று எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும், 'வேலைக்கு அஞ்சாதவர்' என்கிற வார்த்தை இல்லாமல் அது அச்சேறாது. ஆயுசு முழுக்க சோபாவில் கிடந்தவனுக்கும் அதையேதான் எழுதுவார்கள். ஐஸ்லாந்தில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. அந்தப் பட்டத்தை உயிரோடு இருக்கும்போதே வாங்கியவள் ஹல்பெரா.

பதினான்கு வயதில் மீன் ஆலையில் கத்தி பிடித்தவள். ஆலை மூடியதும் மேட்டில் இருக்கிற முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்தாள். 'மேட்டு வீடு' என்றுதான் ஊரில் சொல்வோம். கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, உடுத்தி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுகிற வேலை. நான் அங்கே சமையல்காரி, பெயர் சிக்னி. இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தோம். எனக்கும் அவளுக்கும் ஒத்துவராத விஷயங்கள் நிறைய உண்டு. அரசியல், மீனுக்குப் போடுகிற உப்பு, என் இரண்டாவது கணவன். மூன்றாவதில் மட்டும் அவள் சொன்னதுதான் சரியாகப் போயிற்று.

பெரிய எலும்புக்காரி. குரல் கடலில் இருக்கிற படகுக்குக் கேட்கும். வேலை நேரம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பினாள் என்று நான் பார்த்ததே இல்லை. கோட்டைப் போட்டுக்கொள்வாள், பையைத் தோளில் மாட்டுவாள், வாசலில் நின்று, "கெத்தில் கிழவருக்குக் காலுறை மாத்தினீங்களா?" என்று கேட்பாள். யாராவது பதில் சொல்வதற்குள் கோட்டோடு திரும்பி நடந்துவிடுவாள். வீட்டில் அவள் கணவன் உருளைக்கிழங்கைத் தனியாகத் தின்று பழகிவிட்டான்.

ஒரு இலையுதிர் காலத்தில் அவளுடைய வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. என் சமையலறையில் மேல் தட்டிலிருந்து சர்க்கரையை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். வாரம் நாற்பது மணி நேரம் இந்த வேலையை இந்தத் தோள் தாங்காது. நேரத்தைக் குறை, இல்லாவிட்டால் வேலையை மாற்று. ஊர்க் கடையில் கல்லா முன்னால் உட்காரலாமே என்று யோசனையும் கொடுத்திருக்கிறார்.

"எனக்கு மனுஷங்கள தூக்கித்தான் பழக்கம். தக்காளிய இல்ல" என்றாள் ஹல்பெரா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பயந்துபோயிருந்தாள். நேரத்தைக் குறைத்தால் சம்பளமும் குறையும். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் பிடிக்காது.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சங்கத்துக்காரர்கள் ஒரு செய்தியைக் கொண்டுவந்தார்கள். நாற்பது மணி நேரம் முப்பத்தாறு ஆகும், சம்பளம் அப்படியே இருக்கும். ஆனால் சும்மா வராது. காலையும் மாலையும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிற காபி நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். காபி குடிக்கலாம், வேலைக்கு நடுவில் முடிந்தபோது. உட்கார்ந்து குடிக்கிற உரிமை போய்விடும். வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு இடத்திலும் ஊழியர்களே ஓட்டுப் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

எங்களிடம் போய்க் காபியைக் கேட்கிறார்கள்! பனிப்புயலில் ரோடு மூடினாலும் காபி நேரம் மூடாத நாடு இது. அந்த விவாதமும் காபி மேசையில்தான் நடந்தது. ஹல்பெரா எழுந்து நின்றாள்.

"காபியா, முதுகா? ரெண்டுல ஒண்ணு. யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு ரெண்டும் வேணும்" என்றேன்.

"உனக்கு எப்பவும் ரெண்டு வேணும் சிக்னி. அதான் ரெண்டு புருஷன்."

மேசையே சிரித்தது. எய்ரூன் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிற இளம்பெண் அவள். "வாரத்துல ஒரு மத்தியானம் பிள்ளைங்களோட இருக்கலாம்னா நான் காபிய இல்ல, தண்ணியவே விட்டுடுவேன்" என்றாள். அதற்குமேல் யார் என்ன பேசுவது? ஓட்டு எடுத்தார்கள். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் முப்பத்தாறு ஜெயித்தது. நான் எதிர்த்துத்தான் போட்டேன். ரகசிய ஓட்டுதான், ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

ஆளுக்கு ஒரு நாள் மத்தியானம் முறை வைத்துக்கொண்டார்கள். ஹல்பெராவுக்கு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகலாம்.

போனாளா? முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நடைபாதையில் அவள் குரல் கேட்டது. அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டது. இல்லத் தலைவி ஸ்வாந்தீஸ், எதையும் மெதுவாகச் சொல்கிற நர்ஸ், அவளே பொறுமை இழந்துவிட்டாள். "ஹல்பெரா, உனக்கு வீட்டுக்கு வழி மறந்துபோச்சா? ஊரெல்லாம் ஓட்டுக் கேட்டு வாங்கினது நீதானே?"

"இதோ கிளம்பிட்டேன். இவங்களுக்கு எது எது எங்க இருக்குன்னு தெரியல, சொல்லிட்டுப் போறேன்."

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை. எல்லாரும் என் பாத்திரம் கழுவுகிற எந்திரத்துக்குப் பக்கத்தில் குதிரைகள் மாதிரி நின்றுகொண்டு இரண்டு வாய் காபியை ஊற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி வரும்போது இன்னொருத்தி இருக்க மாட்டாள். வேலை சுறுசுறுப்பாக நடந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை.

ஜன்னலோர அறையில் கெத்தில் என்கிற கிழவர் இருந்தார். மீன்பிடிக் கப்பலில் எந்திரம் பார்த்தவர். காது மந்தம், வாய் கூர்மை. நவம்பரில் ஒரு நாள் குளியலறையில் கால் தடுமாறி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் தூக்கியபோது ஆள் காய்ந்த மீன் மாதிரி லேசாக இருந்தார்.

காரணம் என்ன தெரியுமா? ஒரு பல். உடைந்த பல் குத்தியதால் மனிதர் நாள்கணக்கில் எதையும் மெல்லவில்லை. பல் வலிக்கிறது என்று எய்ரூனிடம் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டு நிறைந்தபடி திரும்பி வருவதை நான் பார்த்தேன். நடை தளர்ந்திருப்பதை ஹல்பெரா பார்த்தாள். ஆளுக்கு ஒரு துண்டாக எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. கணினியில் 'கொஞ்சம் சாப்பிட்டார்' என்று யாரோ தட்டியும் வைத்திருந்தார்கள். மூன்று துண்டும் சேர ஓர் இடம் வேண்டுமே, அந்த மேசையைத்தான் விற்றுவிட்டோமே! பழைய நாளாக இருந்திருந்தால் முதல் நாளே நான், "உங்க கெத்தில் என் மீனைத் தொடவே இல்லையே, அவ்வளவு கேவலமா இருந்துச்சா?" என்று கேட்டிருப்பேன். எய்ரூன், "ஐயோ, அவருக்குப் பல்" என்றிருப்பாள். அவ்வளவுதான், மறுநாள் பல் டாக்டர்.

ஊர் வெந்நீர்க் குளத்தில் அன்று மாலையே விஷயம் பரவிவிட்டது. எங்கள் ஊரில் வெந்நீரில் கழுத்துவரை உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத சேதி இல்லை. நேரத்தைக் குறைத்தார்கள், கிழவரைக் கீழே போட்டார்கள் என்று பேச்சு. ஊராட்சியின் காதுக்கும் போயிற்று. ஸ்வாந்தீஸ் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: புதுவருஷம் கழிந்து ஊராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று அவருக்குத் தோன்றினால் பழையபடி நாற்பது.

"நாப்பதே இருக்கட்டும், காபியாவது திரும்பக் கிடைக்கும்" என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள்.

ஹல்பெரா சமையலறைக்கு வந்தாள். உருளைக்கிழங்குக் கூடைமேல் உட்கார்ந்தாள். கிண்டல் செய்ய நான் நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டேன்.

"நாப்பதுன்னா நான் போயிடணும் சிக்னி. இந்தத் தோள வச்சுக்கிட்டு முடியாது. போறதுல கூட ஒண்ணுமில்ல. என்னாலதான் கெத்தில் விழுந்தாரு. அந்த மேசையில என்ன இருந்துச்சுன்னு பாக்காம வித்துட்டேன்."

"கண்ணை வித்துச் சித்திரம் வாங்கின" என்றேன்.

"ஆமா. வாய மூடு."

"மூடிட்டேன். இப்ப என்ன செய்யப் போற?"

ஹல்பெரா எழுந்தாள். காபியைக் கையில் எடுத்தாள். நின்றபடி குடிக்கப் போனவள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே பத்து மணிக் காபிக்குக் கிழவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் காபி நேரம் போகவில்லை. யாரும் அதைத் தொட முடியாது. நாங்கள்தான் ஊற்றிக்கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தோம். ஹல்பெரா கோப்பையோடு போனாள், கெத்திலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், உட்கார்ந்தாள்.

ஸ்வாந்தீஸ் அரை நிமிஷத்தில் வந்துவிட்டாள். "ஹல்பெரா, காபி நேரம் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"நான் வேலை பாக்குறேன். இவருக்கு ரொட்டிய நனைச்சுக் குடுக்குறேன். நடுவுல என் தொண்டையும் நனையுது. அது குத்தமா?"

"எல்லாரும் இப்படி உக்காந்தா?"

"எல்லாரும் உக்காரட்டும்னுதான் சொல்றேன்."

ஸ்வாந்தீஸ் சட்டம் படித்தவள் போல யோசித்தாள். பிறகு இன்னொரு சந்தேகம் கிளப்பினாள், அது நியாயமான சந்தேகம். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு, இந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருக்குப் புண் என்று ஊர் கேட்கப் பேச முடியுமா?

பதில் கெத்திலிடமிருந்து வந்தது. காது மந்தம் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத பேச்சுக்கு மட்டும்தான். "என்னப் பத்தி என்கிட்ட கேளுங்களேன். இத்தன வருஷமா கதவ சாத்திக்கிட்டு அந்தக் காபி ரூமுக்குள்ள என்னப் பத்தி என்னதான் பேசினீங்க? நானும் தெரிஞ்சுக்கறேன்."

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வழி கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து பத்து மணிக்கு எல்லாரும் கிழவர்கள் மேசையில் உட்கார்ந்தோம், நானும் ஏப்ரனோடு. அவர்களைப் பற்றிப் பேசவில்லை, அவர்களோடு பேசினோம். உடம்பு அந்தரங்கம் எல்லாம் அறைக்குள்தான், மற்றது எல்லாம் மேசைக்கு வந்தது. "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்றால், "எப்படித் தூங்க, பக்கத்து ரூம் ரேடியோ கத்துது" என்று பதில் வரும். பக்கத்து அறைக்காரர் அங்கேயே சண்டைக்கு வருவார். "இன்னிக்குச் சூப்பு யாரு வச்சது?" என்று கெத்தில் கேட்பார். "நான்தான்" என்பேன். "கடல் தண்ணி மிச்சமிருந்தா அனுப்பு, இதுல கலந்துக்கறேன்" என்பார். உப்பு விஷயத்தில் ஹல்பெராவுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஹல்பெராவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சீக்கிரம் ஓய்ந்தது. மூன்று மணி இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. அவள் தலைக்குள் மட்டும் இருந்ததெல்லாம் இப்போது எல்லாருடைய தலைக்குள்ளும் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டுக்கு அவள் ஒரு நாளும் போகவில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஊராட்சிக்காரர் வந்தார். உல்ஃபர் என்று பெயர், ஒல்லியான ஆள், கண்ணுக்குக் கீழே கருவளையம். சொல்லாமல் பத்து மணிக்கு வந்து நின்றார். அவர் கண்டது என்ன? இல்லத்து ஊழியர்கள் அத்தனை பேரும் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் சுடச்சுடப் பொரித்த க்ளெய்னா என்கிற இனிப்பு மாவு முறுக்குகளைத் தட்டில் கொண்டுவந்துகொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"காபி நேரம் இல்லன்னுதானே ஒப்பந்தம்?" என்றார் உல்ஃபர்.

ஸ்வாந்தீஸின் கழுத்து சிவந்தது. ஹல்பெரா வாயைத் திறக்குமுன் கெத்தில் முந்திக்கொண்டார்.

"யாருப்பா நீ? என் வீட்டுக்குள்ள பூட்ஸோட வந்து நிக்கிற."

உல்ஃபர் கீழே பார்த்தார். நிஜமாகவே பூட்ஸோடுதான் நின்றார். இந்த நாட்டில் பிறந்தவன் செய்கிற காரியமா? அவசரத்தில் மறந்துவிட்டார், பாவம். வாசலுக்கு ஓடிக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு காலுறையில் ஓட்டை.

"இப்ப உக்காரு" என்றார் கெத்தில். "காபி இவங்க குடிக்கல. நான் குடுக்குறேன். இது என் வீடு. என் வீட்டுக்கு வந்தவங்க நின்னுக்கிட்டுக் குடிச்சா எங்கம்மா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்துடுவா. சிக்னி, அவனுக்கு ஒரு கோப்பை. நல்லதா குடு, சூப்பு மாதிரி குடுக்காத."

ஐஸ்லாந்தில் கிழவர் ஒருவர் தன் மேசையில் காபி நீட்டினால் எந்த அதிகாரியும் மறுக்க முடியாது. உல்ஃபர் உட்கார்ந்தார். மூலை அறை வால்போர்க் கிழவி, புதுச் செருப்பு வலது காலைக் கடிப்பதாகப் புகார் சொன்னாள். இன்னொருவர் இரவில் இருமினது தெரியவந்தது. எய்ரூன், "மத்தியானம் நான் பாக்குறேன்" என்றாள். உல்ஃபர் கவனித்துக்கொண்டே இருந்தார். இரண்டு க்ளெய்னா தின்றார், மூன்றாவதையும் எடுத்தார். காலையில் எதுவும் சாப்பிடவில்லையாம். இந்த மாதிரி இல்லங்கள், பள்ளிகள், கடைசி ஊர்வரை போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறதாம், வீட்டுக்குப் போக ஒன்பது மணியாகிறதாம்.

"மத்தவங்க நேரத்தக் குறைக்கலாமான்னு பாக்க உனக்கு நேரம் பத்தல" என்றாள் ஹல்பெரா. அவரும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான்.

பிறகு எல்லாரும் வேலைக்கு எழுந்தோம். அவர் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார், ஒவ்வொருவரிடமும் கேட்டார். யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் தெரிந்திருந்தது. கடைசியாக வாசலருகே ஹல்பெராவைப் பிடித்தார்.

"ஹல்பெரா, உன்கிட்ட முக்கியமா ஒண்ணு கேக்கணும். இந்த நாலு மணி நேரம் உனக்கு நெசமாவே..."

கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. அதே நொடியில் மூலை அறை மணி அடித்தது. ஹல்பெராவின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. நான் பார்த்தேன். இவள் இப்போது அந்த அறைக்குப் போய்விட்டால் ஆயுசுக்கும் போய்க்கொண்டேதான் இருப்பாள், அந்தத் தோள் கழன்று விழுகிற வரைக்கும்.

"வால்போர்க். செருப்பு கடிக்குது" என்று எய்ரூன் போகிற போக்கில் சொல்லிக்கொண்டே அந்த அறைக்குள் நுழைந்தாள். மணி நின்றது.

ஹல்பெரா கோட்டை எடுத்தாள். ஒரு கை, மெதுவாக வலது கை, பிறகு பொத்தான்கள்.

"ஒரே நிமிஷம்" என்றார் உல்ஃபர். "நான் கேட்டதுக்கு..."

"நேரம் குறைஞ்சது நெசமான்னுதானே பாக்க வந்த? பாத்துக்க" என்றாள் ஹல்பெரா. கதவைத் திறந்தாள். பனிமேல் வெளிச்சம் கூசியது. போய்விட்டாள்.

உல்ஃபர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். "நாப்பதுக்குத் திரும்பச் சொல்ல எனக்கு இங்க ஒண்ணும் கிடைக்கல" என்றார் ஸ்வாந்தீஸிடம். பிறகு கெத்திலின் மேசைக்குப் போய், கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். ஹல்பெரா மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். இப்போது திரும்புவாள், இதோ திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்றால், அன்று சமையலில் வெங்காயமே கிடையாது.